இடக்கைக் கவண்

1

இந்தக் கதை எனக்கு ஓர் ஈரமான கவணிலிருந்து கிடைத்தது. அதை ஈரமாக்கியவள் நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிட்டால் மீதியை எழுதுவது எளிதாக இருக்கும் என்று நினைத்தேன். அப்படி ஒன்றும் இல்லை.

தொடக்கத்தை மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன்.

"லடாக்கின் சாங்தாங் மேட்டுநிலத்தில் நோர்சோம் என்றொரு பெண் வாழ்ந்து வந்தாள்." இது ஏழாம் வகுப்பில் எழுதச் சொன்ன கட்டுரை மாதிரி இருக்கிறது. அந்த வகுப்போடு நான் பள்ளியை விட்டு முகாமுக்குத் திரும்பி வந்துவிட்டேன். இந்த வரியும் அங்கேயே இருக்கட்டும்.

"பனிக்கட்டியில் விழுந்து வலது தோள் போன நோர்சோம்," என்று தொடங்கினால் நீங்கள் உடனே அவளுக்காக உச்சுக் கொட்டத் தொடங்கிவிடுவீர்கள். உச்சுக் கொட்டுகிறவர்களுக்கு அவள் தேநீர் ஊற்றுவதில்லை.

"கல் எங்கே விழுந்தது?"

இதுதான் சரி. நாளைக் காலை முகாமின் தலைவரான கோபா, எல்லார் முன்னாலும் என்னைக் கேட்கப் போவதும் இதைத்தான்.

2

அவசியமானதை மட்டும் சொல்கிறேன். நோர்சோம் என் சித்தி. சித்தப்பா இறந்து இரண்டு குளிர்காலம் ஆகிறது. அவளுக்கு ஒரு கூடாரமும் எண்பத்துநான்கு வெள்ளாடுகளும் இருக்கின்றன. எங்கள் முகாமில் பதினான்கு கூடாரங்களின் ஆடுகளையும் ஒன்றாகச் சேர்த்துத்தான் மேய்க்கிறோம். ஒரு நாளைக்கு ஒரு கூடாரம் என்று முறை. முறைக்கு ஆள் அனுப்ப முடியாத கூடாரத்தின் ஆடுகள், குளிர்கால இடத்துக்குப் பெயர்வதற்கு முன், நெருங்கிய உறவினரின் பட்டியில் சேர்ந்துவிடும். காதில் புது அடையாளம் வெட்டுவார்கள். முறைக்குப் போக முடியுமா என்று சந்தேகம் வந்தவர், அதற்கு முன் எல்லார் முன்னாலும் கவண் வீசிக் காட்ட வேண்டும். நோர்சோமுக்கு நெருங்கிய உறவினர் என் அப்பா, தோண்டுப்.

அதாவது, நோர்சோம் தோற்றால் அந்த ஆடுகள் எங்கள் பட்டிக்கு வரும். (இந்த வாக்கியத்தை ஐந்து முறை அடித்தேன். ஆறாவது முறை விட்டுவிட்டேன்.)

போன குளிர்காலத்தில் தண்ணீர்க் கேனோடு வழுக்கி விழுந்ததிலிருந்து அவளுடைய வலது கை தோளுக்கு மேல் எழும்புவதில்லை. எழும்பாத கையால் கவண் சுற்ற முடியாது. கவண் இல்லாமல் அறுநூறு ஆடுகளை ஒருத்தியால் திருப்ப முடியாது.

அப்பா கெட்டவர் இல்லை. கோடையின் தொடக்கத்தில் அவரே அவள் கூடாரத்துக்குப் போனார். நானும் கூடப் போனேன்.

"எதுக்கும்மா இந்தப் பாடு? ஆட்ட என் பட்டியில விடு. பாலு உனக்கு, கம்பளி உனக்கு. நீ நிம்மதியா இரு."

"நிம்மதியா எங்க இருக்கச் சொல்றீங்க அத்தான்? லே பட்டணத்துல போய்ச் சுவத்தோரமா உக்காந்து வெயில் காஞ்சுக்கிட்டா?"

"நான் அப்படிச் சொன்னேனா?"

"ஆடு இல்லாத கூடாரம் எத்தன நாளு நிக்கும்? நீங்களே சொல்லுங்க."

அப்பா தேநீரை உறிஞ்சினார்.

"எனக்கு ஒரு கவண் பின்னிக் கொடுங்க," என்றாள் நோர்சோம். "இடது கைக்கு."

3

எங்கள் பக்கம் கவண் பின்னுவது ஆண்களின் வேலை. தம்பி மனைவி வாய்விட்டுக் கேட்டுவிட்டால் மறுக்கக் கூடாது. ஆக, எந்தக் கவண் நன்றாக வேலை செய்தால் எண்பத்துநான்கு ஆடுகள் தன் பட்டிக்கு வராதோ, அந்தக் கவணை அப்பாவே பின்னினார்.*

*நான் கற்பனையாக எழுதியிருந்தால் இதை வைத்திருக்க மாட்டேன். கதைக்காகச் செய்தது போல இருக்கும். நடந்துவிட்டது, என்ன செய்வது.

பழைய கவணையே வைத்துக்கொண்டால் என்ன என்று கேட்பீர்கள். அது பதினெட்டு வருடம் வலது கையில் சுழன்றது. அதன் முறுக்கு அந்தப் பக்கமே படிந்துவிட்டது. இடது கையில் எடுத்தால் கல் உட்காரும் நடுப்பட்டை கவிழ்ந்து, சுற்றுவதற்கு முன்பே கல்லைக் கீழே கொட்டிவிடும்.

அப்பா ஏழு நாள் பின்னினார். கறுப்புக்கு யாக் முடி, வெள்ளைக்குச் செம்மறிக் கம்பளி. நீளம் முழுவதும் கண் கண்ணாகப் பின்னல் ஓடியது. ஒரு முனையில் விரல் வளையம். மறு முனையில் மெல்லிய வால். அழகான கவண். ஆனால் தரையில் ஊன்றினால் நிற்கும் போலிருந்தது.

பக்கத்துக் கூடாரத்து யூட்ரோன் அதை வாங்கி வளைத்துப் பார்த்தாள். "ஏண்டி, இது கவணா, கூடாரக் கம்பா?"

"இறுக்கமாப் பின்னினாத்தான் நாள்பட உழைக்கும்," என்றார் அப்பா.

"எத்தன நாளு அத்தான்? இன்னும் நாப்பது நாள்ல நான் வீசிக் காட்டணும்," என்றாள் நோர்சோம்.

"பழக்கு. பழகிடும்."

இந்த இடத்தில் என் பேனா நின்றது. அப்பா வேண்டுமென்றே இறுக்கிப் பின்னினார் என்று எழுதினால் கதை நன்றாக ஓடும். அவர் எப்போதும் அப்படித்தான் பின்னுவார் என்பதும் உண்மை. என்னுடைய கவணும் முதல் வருடம் முழுவதும் என் விரலைக் கிழித்தது. எனவே அப்பா அந்தக் கவணை வேண்டுமென்றே

(முடிக்கவில்லை. அப்பா கூடாரத்துக்குள் வந்தார். நோட்டைக் கம்பளி மூட்டைக்குள் செருகிவிட்டேன். திரும்பி வந்து பார்த்தால், இந்த வாக்கியம் பாதியில் இருப்பதே நியாயம் என்று தோன்றுகிறது.)

4

புதுக் கவணைப் பழக்குவது எப்படி என்று யாரும் யாருக்கும் சொல்லித் தருவதில்லை. ஓடையில் ஊறப் போட்டுப் பிழிய வேண்டும். நடுப்பட்டையில் தலையளவு கல்லைக் கட்டிக் கூடாரக் கயிற்றில் தொங்கவிட வேண்டும். காய்ந்ததும் காலடியில் போட்டு உருட்ட வேண்டும். பிறகு வீச வேண்டும், வீசிக்கொண்டே இருக்க வேண்டும். முதலில் சாணி உருண்டை, பிறகு கூழாங்கல், அப்புறம் முட்டையளவு கல். பட்டை கல்லை அணைத்துக்கொள்ளக் கற்க வேண்டும். வால் விரலிடுக்கிலிருந்து நேரத்துக்கு நழுவக் கற்க வேண்டும்.

இங்கே கவண் மட்டுமா கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது? நோர்சோமின் இடது கை அதுவரை பால்பாத்திரம் பிடித்ததைத் தவிர வேறெதுவும் அறியாதது.

முதல் நாள் கல் நேராக மேலே போய் அவள் காலடியிலேயே விழுந்தது. இரண்டாவது கல் பின்னால் பறந்து யூட்ரோனின் கெட்டிலைச் சப்பையாக்கியது.

"ஆடு பயப்படுதோ இல்லையோ, நாங்க பயப்படுறோம்டி!" யூட்ரோன் கெட்டிலைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். "நீ முன்னாடி பாத்து எறியாத. எங்கள நோக்கி எறி. அப்பத்தான் நாங்க தப்பிப்போம்."

"உன் கெட்டில் ஏற்கெனவே ஒழுகுது. நான் அடிச்சதுல அடைபட்டிருக்கும், பாரு."

"அடைபட்டுச்சுடி! மூக்கு அடைபட்டுப் போச்சு!"

பதினைந்தாம் நாள் கல் முன்பக்கம் போகத் தொடங்கியது. ஆனால் கவண் இளகவில்லை. வால் நேரத்துக்கு நழுவாமல் விரலைப் பிடித்துக்கொண்டது. அவள் ஆள்காட்டி விரலின் பக்கவாட்டில் தோல் உரிந்து, ஆறி, மறுபடி உரிந்தது. பால் கறக்க ஆடுகளை இரண்டு வரிசையாகக் கழுத்தோடு கழுத்துச் சேர்த்துக் கட்டியிருந்தபோது, அவள் வலது கையால் மட்டும் கறப்பதைப் பார்த்தேன். இடது கையை மடியில் மல்லாக்க வைத்திருந்தாள், அடுத்தவர் கையை வைத்திருப்பது போல.

5

இனி என் பங்கு.

மறுநாள் அவள் ஓடைக்குத் தண்ணீர் எடுக்கப் போயிருந்தாள். கவண் கயிற்றில் தொங்கியது. எங்கள் கூடாரத்தில் காலைத் தேநீர் மிச்சம் இருந்தது. வெண்ணெயும் உப்பும் போட்ட தேநீர், ஆறிப்போய் மேலே ஆடை கட்டியது. காய்ந்து விறைத்த தோலை அதில் நனைத்து அம்மா இளக்குவதைப் பார்த்திருக்கிறேன். தோலுக்கு ஆகுமென்றால் முடிக்கு ஆகாதா என்று நினைத்தேன். யாரிடமும் கேட்கவில்லை. ஊற்றி, நுனி வரை கையால் தேய்த்துவிட்டு வந்துவிட்டேன்.

(முதல் வரைவில் இதை நோர்சோமே செய்ததாக எழுதியிருந்தேன். அவள் அப்படிச் செய்கிறவள் இல்லை என்பது படிக்கும்போதே தெரிந்தது. அவள் செய்திருந்தால் எல்லாருக்கும் சொல்லிக்கொண்டே செய்திருப்பாள்.)

வெண்ணெய் வேலை செய்தது. ஆனால் உப்பை நான் நினைக்கவில்லை. வருடத்துக்கு இரண்டு தடவை உப்பு மண் இருக்கும் ஏரிக்கரைக்கு ஆடுகளை ஓட்டிப் போகிறவள் நான். நக்கி நக்கிக் கரையையே குழியாக்குகிற ஆடுகளைப் பார்த்து வளர்ந்தவள். எனக்கே அது தோன்றவில்லை.

மதியம் நோர்சோம் வந்து பார்த்தபோது, கவணின் வால் ஒற்றைக்கொம்பன் வாயில் இருந்தது.

ஒற்றைக்கொம்பன் அவளுடைய ஆடு. மொத்த மந்தைக்கும் முன்னால் போவது அதுதான். அது எங்கே போனாலும் மீதி ஆடுகள் பின்னால் போகும்.

"விடுடா, தின்னிப் பயலே! அது உனக்குத் தீனியா?"

பிடுங்கினாள். வழக்கம் போல வால்நுனியை நாக்கில் நனைத்து விரலிடுக்கில் செருகினாள். நனைத்தவள் நின்றுவிட்டாள். உதட்டை நக்கிக்கொண்டாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் சாணி பொறுக்கிக்கொண்டிருந்தேன்.

"பல்மோ, நம்ம ஓடைத் தண்ணி எப்பலேர்ந்து உப்பு கரிக்குது?"

நான் பதில் சொல்லவில்லை. சொல்லாவிட்டால் யாரும் வித்தியாசமாக நினைக்க மாட்டார்கள். நான் எப்போதும் அப்படித்தான். அவள் கல்லை வைத்தாள், மூன்று சுற்றுச் சுற்றி விட்டாள். வால் முதல் முறையாகச் சுளீரென்று வெடித்தது. கல் ஓடைக்கு அப்பால் போய் விழுந்தது.

ஒற்றைக்கொம்பன் தலையைத் தூக்கிப் பார்த்தது. பிறகு அவளை நோக்கி நடந்து வந்தது.

மறுநாள் காலை, தொங்குகிற கவணுக்கு அடியில் ஒரு கிண்ணம் தேநீர் ஆறிக்கொண்டிருந்தது. நோர்சோம் தேநீரை மிச்சம் வைக்கிறவள் இல்லை. கிண்ணத்தை நக்கி வைப்பாள். நான் சுற்றிலும் பார்த்துவிட்டு அதைக் கவணின் மேல் ஊற்றினேன். அடுத்த நாளும் கிண்ணம் இருந்தது. அதற்கடுத்த நாளும். நாங்கள் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

அவள் உண்மையில் எனக்காகத்தான் வைத்தாளா, வயிறு சரியில்லாமல் குடிக்காமல் விட்டாளா? கதாசிரியர் என்றால் இது தெரிந்திருக்க வேண்டும். எனக்குத் தெரியாது.

ஒன்று மட்டும் தெரியும். அவள் வீசுவதை ஒரு நாளும் நிறுத்தவில்லை. முப்பதாம் நாள், நூறு தப்படிக்கு அப்பால் வைத்த சாணிக் குவியலைப் பத்துக்கு ஐந்து முறை தொட்டாள். அதே முப்பதாம் நாள், கவண் வெடித்த சத்தம் கேட்டதும் அவளுடைய ஆடுகளில் இருபதுக்கு மேல் வாலைத் தூக்கிக்கொண்டு அவளிடம் ஓடி வந்தன. அவள் சுற்றி முடித்ததும் கவணை நக்கக் கொடுப்பாள். இரண்டும் உண்மை. இரண்டில் எது எதைவிடப் பெரிய உண்மை என்பதில்தான் கதை மாட்டிக்கொண்டது.

"உன் கவண் ஆட்டத் திருப்புதா, விருந்துக்குக் கூப்பிடுதா?" என்றாள் யூட்ரோன்.

"உனக்கு வயித்தெரிச்சல். உன் புருஷன் கூப்பிட்டா நாய்கூட வரதில்ல."

6

இன்று காலை நடந்தது இது.

ஓடைக்கு அப்பால் வெள்ளைக் கற்களை ஒரு கோடாக வரிசையில் வைத்திருக்கிறோம். அதற்குப் பின்னால் குளிர்காலப் புல். கோபா திறந்துவிடும் வரை எந்த ஆடும் அங்கே கால் வைக்கக் கூடாது. ஆடுகளுக்கு அது தெரியும், அதனால்தான் அங்கேயே போகும். வீசுகிறவள் மேட்டில் நிற்க வேண்டும், இறங்கக் கூடாது. மந்தை அந்தக் கோட்டை நெருங்கும்போது ஒரே கல். அது முன்னே போகும் ஆட்டுக்கு முன்னால் விழ வேண்டும், ஆட்டின் மேல் படக் கூடாது. ஆடு மிரண்டு திரும்பும். பின்னால் விழுந்தால் அது கணக்கில் இல்லை. கை போதாது என்று அர்த்தம்.

தோற்றால் ஆடுகள் எந்தக் கூடாரத்துக்குப் போகுமோ, அந்தக் கூடாரத்து ஆள்தான் கோட்டருகே நின்று கல் விழுவதைப் பார்க்க வேண்டும். அவர்களே சொல்லிவிட்டால் பிறகு சண்டை வராது என்று யாரோ எப்போதோ வைத்த வழக்கம். எங்கள் கூடாரத்திலிருந்து நான் போனேன். அப்பா மேட்டில் கோபாவுக்குப் பக்கத்தில் உட்கார வேண்டியிருந்தது.

கோபா கல்லில் செம்மண் பூசினார், ஆட்டுக்கு அடையாளம் போடுகிற அதே செம்மண். நோர்சோம் வாங்கிக்கொண்டாள். அப்பா கையை நீட்டினார்.

"கவணக் குடும்மா, பாப்போம்."

உள்ளங்கையில் ஒரு முறை இழுத்துப் பார்த்தார். பிறகு உள்ளங்கையை முகர்ந்தார். நான் அப்போது கோட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். என் காது மட்டும் அங்கே இருந்தது.

"நல்லா இளகியிருக்கு," என்றார்.

"உங்க பின்னல் அத்தான்," என்றாள்.

அறுநூறு ஆடுகள் கிளப்பிய தூசி, மேற்கிலிருந்து காற்று. வெள்ளைக் கல்லருகே நின்ற எனக்கு மேடு தெரியவில்லை. மேட்டிலிருந்தவர்களுக்குக் கோடு தெரியவில்லை. தூசியிலிருந்து ஒற்றைக்கொம்பன் மட்டும் முதலில் வெளியே வந்தது. எனக்கும் அதற்கும் இருபது தப்படி. பதினைந்து. பத்து.

சுளீர்.

கல் விழுந்தது. நான் பார்த்தேன்.

ஒற்றைக்கொம்பன் திரும்பியது. அதன் பின்னால் எல்லாம் திரும்பின. மேட்டில் யூட்ரோன் விசிலடித்தது எனக்குக் கேட்டது.

நான் செம்மண் கல்லை எடுத்து அங்கியின் மடிப்பில் போட்டுக்கொண்டு மேட்டுக்கு வந்தபோது, நோர்சோமைச் சுற்றி ஆடுகள் முட்டிக்கொண்டு நின்றன. அவள் கவணை முதுகுப்புறம் மறைத்திருந்தாள்.

"கல்லுக்குப் பயந்த ஆடு கலைஞ்சு ஓடும்," என்றார் அப்பா மெதுவாக. "இது நேரா ஓடி வந்துச்சு. கல் முன்னால விழுந்துச்சா?"

"ஆடு திரும்பிடுச்சே, தோண்டுப்," என்றார் கோபா.

"நான் ஆட்டப் பத்திக் கேக்கல. நாளைக்குப் பனியில, ஓநாய்க்கு முன்னால, அடுத்தவன் ஆட்டையும் இவதான் திருப்பணும். எல்லா ஆடுமா இவள நோக்கி ஓடி வரும்? கல்லப் பத்திக் கேக்குறேன்." அவர் என் பக்கம் திரும்பினார். "பல்மோ. எங்க விழுந்துச்சு?"

எல்லாரும் பார்த்தார்கள். நோர்சோம் மட்டும் பார்க்கவில்லை, ஒற்றைக்கொம்பனின் கொம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் வாயைத் திறக்கவில்லை.

"அவள விடு," என்றார் கோபா. "வழக்கம் என்ன? சூடு ஆறட்டும். நாளைக் காலையில கல்ல விரிப்புல வச்சுச் சொல்லட்டும். முன்னாலயா, பின்னாலயா. ஒரே வார்த்த."

7

முடிவுகள்.

அ) கல் ஒற்றைக்கொம்பனுக்கு முன்னால் நான்கு தப்படியில் விழுந்தது. நாற்பது நாள் உழைத்த கை அது. உப்பு வெறும் துணை. இந்த முடிவு உங்களுக்குப் பிடிக்கும். எனக்கும் பிடிக்கும். பிடிக்கிறது என்பதாலேயே எனக்கு இதன்மேல் சந்தேகம்.

ஆ) கல் மந்தைக்குப் பின்னால் விழுந்தது. ஆடுகளைத் திருப்பியது சத்தம், சத்தத்துக்குள் இருந்த உப்பு. அப்படியானால் திருப்பியது நோர்சோம் இல்லை, நான். அப்பா கேட்டதும் நியாயமான கேள்வி. என் சொல்லால் எண்பத்துநான்கு காதுகளில் புது அடையாளம் விழும், எங்கள் பட்டி நிறையும்.

இ) கல் எங்கே விழுந்தால் என்ன, அவள் தன் ஆடுகளுக்குப் புரிகிற மாதிரி ஒரு கவணைப் பழக்கியிருக்கிறாள், மற்ற ஆடுகளும் ஒரு குளிர்காலத்தில் உப்புக்குப் பழகாதா என்று நான் எழுந்து நின்று விரிவாகப் பேசுகிறேன். கோபா தலையசைக்கிறார். அப்பா கண்ணைத் துடைத்துக்கொள்கிறார்.

(இ-யை எழுதிவிட்டு எனக்கே சிரிப்பு வந்தது. நான் எழுந்து நின்று விரிவாகப் பேசுகிறேனாம்.)

ஈ) சற்று முன்பு நோர்சோம் எங்கள் கூடார வாசலுக்கு வந்தாள். கேட்கப் போகிறாள் என்று நினைத்தேன். கேட்டிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். "உங்கம்மாகிட்ட வெண்ணெ இருக்கா?" என்றாள். எடுத்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு, "காலையில சீக்கிரம் சாப்பிட்டுட்டு வா. கோபா பேச ஆரம்பிச்சா மதியமாயிடும்," என்று சொல்லிவிட்டுப் போனாள். அவள் இடது கை விரலில் கட்டுப் போட்டிருந்தது.

8

காற்று பக்கத்தைப் புரட்டுகிறது. அதனால் நோட்டின் மேல் ஒரு கல்லை வைத்து எழுதுகிறேன். முட்டையளவு கல். செம்மண் என் விரலிலும் தாளின் ஓரத்திலும் ஒட்டியிருக்கிறது. அதை எந்த இடத்திலிருந்து எடுத்தேன் என்று இங்கே எழுதப் போவதில்லை. இந்த நோட்டு நாளைக்கு முன் யார் கையிலாவது கிடைத்தால் நான் பேச வேண்டிய தேவையே இல்லாமல் போய்விடும். இத்தனை வருடம் அப்படித்தான் தப்பித்து வந்திருக்கிறேன்.

எனவே நீங்களே ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். முன்னால், அல்லது பின்னால். ஒரு வேண்டுகோள் மட்டும்: மனதுக்குள் வைத்துக்கொள்ளாமல், வாய்விட்டுச் சொல்லுங்கள்.

நான் சொல்ல வேண்டிய வார்த்தையை முடிவு செய்துவிட்டேன். மதியம் மேட்டில் யாரும் இல்லாதபோது அங்கே போய் அதை மூன்று முறை சொல்லிப் பார்த்தேன். முதல் முறை அது என் காலடியிலேயே விழுந்தது. இரண்டாவது முறை கொஞ்சம் தள்ளி. மூன்றாவது முறை, ஓடைக்கு அந்தப் பக்கம் மேய்ந்துகொண்டிருந்த ஒற்றைக்கொம்பன் தலையைத் தூக்கிப் பார்த்தது.